அது அம்மை இல்லை, மாம்பால்

இந்த வாரத்தில் மட்டும் இது நான்காவது குழந்தை. கொடுங்கையூரிலிருந்து பாட்டி அழைத்து வந்த எட்டு வயதுப் பையன். உதட்டைச் சுற்றிக் கன்றிச் சிவந்து நீர்க் கொப்புளங்கள். மோவாயில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தாற்போல் ஒரு கருந்தடம். "அம்மை போட்டிருக்குன்னு அஞ்சு நாளா தண்ணியே ஊத்தல டாக்டரம்மா" என்றார் பாட்டி.

"வீட்டுல மாமரம் இருக்கா?"

இருந்தது. மதிலோரம் ருமானி. காலையில் எழுந்ததும் எந்தக் காய் நிறம் மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவனுக்கு முதல் வேலை. பொறுக்க முடியாமல் ஒன்றைத் திருகிப் பறித்துக் காம்போடு கடித்திருக்கிறான். பால் வழிந்த பாதைதான் அந்தத் தடம்.

தயவுசெய்து கேளுங்கள். அம்மை வைரஸால் வருவது. காய்ச்சலோடு மார்பு, முதுகு, முகம் என்று உடம்பெங்கும் பரவும். இது பால் பட்ட இடத்தில் வருவது. ஒட்டாது. தம்பி தங்கையைத் தள்ளி வைக்க வேண்டாம். "மாம்பழம் சூடு, அதான்" என்பதும் தப்பு. பழச் சதை இதைச் செய்வதில்லை. காம்பிலும் தோலிலும் இருக்கும் பால் செய்கிறது. மாமரம் முந்திரி, சேராங்கொட்டையின் குடும்பம். சேராங்கொட்டை பட்டால் புண்ணாகும் என்று தெரிந்த நமக்கு இது மட்டும் ஏன் புரியவில்லை? "போன வருஷமும் சாப்பிட்டானே" என்பார்கள். ஒவ்வாமை எந்த வருஷமும் தொடங்கலாம். பட்ட அன்றே தெரியாமல், ஓரிரு நாள் கழித்தும் கிளம்பும்.

பால் பட்டதும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அம்மை என்று நினைத்துக் குளிக்காமல் வைத்தால் நகத்திலும் சட்டையிலும் ஒட்டிய பால் திரும்பத் திரும்பத் தோலில் படும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு கலந்த கலவை கிரீமைக் குழந்தை முகத்தில் தடவாதீர்கள். அதைத் தடவிக் கெட்டுப்போன முகங்களையும் நான்தான் பார்க்கிறேன்.

காயைத் திருகாதீர்கள். இரண்டு விரல் காம்பு விட்டு வெட்டி, அப்புறம் காம்பை நறுக்கி, தலைகீழாக வைத்துப் பால் வடிய விடுங்கள். கழுவிய பிறகே குழந்தை கையில் கொடுங்கள். முற்றிய காய் பறித்த பிறகும் பழுக்கும்.

"இனிமே இவனுக்கு மாம்பழமே கிடையாது" என்றார் பாட்டி. பையன் கண் கலங்கிவிட்டது. "புண் ஆறட்டும் பாட்டி. அப்புறம் தோலை நீங்களே கனமா சீவிட்டு, துண்டு போட்டுக் குடுங்க" என்றேன்.