பாகல் மன்னன் இறந்தது 28 வயதிலா, 80 வயதிலா?

மெக்சிகோவிலுள்ள பண்டைய மாயர் நகரமான பலெங்கேயில் 1952-இல் திறக்கப்பட்ட பாகல் மன்னனின் கல்லறையைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எலும்பைச் சோதித்தவர்கள் இறந்தவருக்கு 40 முதல் 50 வயது என்றார்களாம், கல்வெட்டோ 80 என்கிறதாம். எதை நம்புவது?" கல்வெட்டைத்தான் நம்ப வேண்டும். மாயர்கள் நாளை எண்ணிய முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கினிச் ஜனாப் பாகல் 603-இல் பிறந்தார். 599-லும் 611-லும் பகை மாயர் நகரமான கலக்முலின் படைகளிடம் அடிவாங்கிய பலெங்கேயில், 615-இல், 12 வயதில் அரியணை ஏறினார். 68 ஆண்டுகள் ஆண்டார். ஆல்பர்ட்டோ ரூஸ் என்ற தொல்லியலாளர் 'கல்வெட்டுக் கோயிலின்' தரைப்பலகை ஒன்றில் துளைகள் இருப்பதைக் கவனித்து அதைப் பெயர்த்தார். கீழே கற்குவியலால் அடைபட்ட படிக்கட்டு இருந்தது. அதை அள்ளி முடிக்கவே நான்கு அகழ்வுப் பருவங்கள் ஆயின. அடியில் இருந்த கல் சவப்பெட்டியின் மூடி விளிம்பில் இரண்டு நாட்கள் செதுக்கப்பட்டுள்ளன: பிறந்தது 8 அஹாவ் 13 போப், இறந்தது 6 எட்ஸ்நாப் 11 யாஷ்.

சிக்கல் இங்கேதான். '8 அஹாவ்' 260 நாள் வட்டத்தைச் சேர்ந்தது: 1 முதல் 13 வரை எண்கள், கூடவே 20 நாட்பெயர்கள், இரண்டும் இணையாக நகரும். '13 போப்' 365 நாள் வட்டத்தைச் சேர்ந்தது: 20 நாள் கொண்ட 18 மாதங்கள், கடைசியில் 5 நாட்கள். 260-க்கும் 365-க்கும் மீச்சிறு பொது மடங்கு 18,980. அதாவது ஏறக்குறைய 52 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இரட்டைப் பெயர் திரும்ப வரும். எனவே விளிம்பில் உள்ள இரு பெயர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பாகலின் ஆயுள் 10,398 நாட்களாக இருக்கலாம், 29,378 ஆக இருக்கலாம், 48,358 ஆகவும் இருக்கலாம். ஆண்டுக் கணக்கில் 28, 80, 132. எலும்புச் சோதனை சொன்ன 40, 50 இந்தப் பட்டியலிலேயே இல்லை!

எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால் இடையில் இன்னொரு செய்தியைச் செதுக்கினார்கள்: அவர் வாழ்நாளில் நான்கு கதுன்கள் நிறைவுற்றன. ஒரு கதுன் 7,200 நாள். 28 ஆண்டுக்குள் அதிகம் போனால் இரண்டு கதுன் முடிவுகளே வரும். 132 ஆண்டு என்றால் ஆறாவது வந்தாக வேண்டும். நான்குக்குப் பொருந்துவது 80 மட்டுமே. பிழைதிருத்தும் வசதியை நாட்குறிப்புக்குள்ளேயே வைத்திருக்கும் இந்த ஏற்பாடு, பண்டைய உலகின் மிக அழகான கணித வேலைகளுள் ஒன்று என்பேன்.

ஒரு தொடக்க நாளிலிருந்து கழிந்த நாட்களையெல்லாம் எண்ணும் மாயர் முறையான 'நெடுங்கணக்கு' இதைவிட உறுதியானது. பாகலின் பிறந்த நாள் அதில் 9.8.9.13.0. வலமிருந்து இடமாக இடமதிப்புகள் 1, 20, 360, 7,200, 1,44,000. இருபதின் மடங்காகவே போகும் கணக்கில் மூன்றாம் இடம் மட்டும் 400 ஆகாமல், ஆண்டை ஒட்டி வர 18×20 ஆக நிற்கிறது. இதை மறந்தால் விடை பல நூற்றாண்டுகள் தள்ளிப்போகும். பெருக்கிக் கூட்டினால் 13,57,100 நாள். தொடக்க நாள் கி.மு. 3114-இல் வரும் 4 அஹாவ். 13,57,100-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 4, அதைத் தொடக்க நாளின் 4-உடன் கூட்டினால் 8. 20-ஆல் வகுத்தால் மீதியே இல்லை, ஆகவே நாட்பெயர் மாறாமல் அஹாவ். கிடைப்பது 8 அஹாவ். மழையில் ஓர் எழுத்து அழிந்துபோனாலும் மற்றவற்றிலிருந்து அதை மீட்க முடிவது இதனால்தான்.

13,57,100-உடன் 5,84,285 என்ற இணைப்பெண்ணைக் கூட்டினால், நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் வானியலாளர்களின் ஜூலியன் நாள் எண் வரும். அது பழைய ஜூலியன் நாட்காட்டியில் 603 மார்ச் 23. சிலர் 5,84,283 கூட்டுவார்கள், சிலர் கிரிகோரியன் தேதி தருவார்கள். நூலுக்கு நூல் தேதி சில நாள் முன்பின்னாக இருப்பது இதனால். இணைப்பெண்ணே பெரிதாகத் தவறியிருக்குமோ என்ற ஐயத்துக்கு, டிக்கால் என்ற மாயர் நகரத்தின் கோயில் மர உத்தரத்தைக் கரிமக் காலக்கணிப்பு செய்து 2013-இல் வெளியான ஆய்வு பதில் தந்துவிட்டது: இணைப்பெண் சரி.

எலும்பு ஏன் ஏமாற்றியது? பற்கள் அதிகம் தேயவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். பல் தேய்மானம் வயதை மட்டுமல்ல, உணவையும் பொறுத்தது. அம்மியில் அரைத்த சோளத்தோடு கல்துகளையும் சேர்த்து மென்றவர்களை அளவுகோலாக வைத்தால், மென்மையான உணவு உண்ட அரசர் இளையவராகத்தான் தெரிவார். வெரா டீஸ்லர், ஆந்த்ரியா குசீனா ஆகியோரின் குழு பின்னர் எலும்புகளை மறுபடி ஆராய்ந்து, இவர் முதியவரே என்று முடிவுசெய்தது.

2012-இல் 'மாய நாட்காட்டி முடிகிறது, உலகம் அழியப்போகிறது' என்று தொலைக்காட்சிகள் அலறின. பாகலின் கோயில் சுவர்ப் பலகையை ஒருமுறை படித்திருந்தால் போதும். அவர் முடிசூடிய 5 லமட் 1 மோல் என்ற நாள் 80 முறை திரும்பி வருவதை, அதாவது 15,18,400 நாட்களைக் கூட்டி, அங்கே ஒரு வருங்கால நாளைக் குறித்திருக்கிறார்கள். முடிசூடிய நாளின் நெடுங்கணக்கு 13,61,608. கூட்டினால் 28,80,008. நெடுங்கணக்கின் அடுத்த பெரிய இடமதிப்பான 28,80,000 நிறைந்து சரியாக எட்டு நாள் கழித்து. நம் நாட்காட்டியில் அது 4772 அக்டோபர்.