லினக்ஸ் நிறுவிய பழைய கணினி எழவில்லையா? மறுபடி நிறுவுவதற்கு முன்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ லேப்டாப்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. பெங்களூரு அல்சூர் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பென் டிரைவில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, தாங்களே நிறுவிப் பார்க்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். கணினி எழவில்லை என்றதும் அதே பென் டிரைவைச் செருகி முதலிலிருந்து மறுபடி நிறுவுவதுதான் எனக்குப் பிடிக்காதது. "தம்பி, ஒவ்வொரு தடவையும் வெற்றிகரமாக முடிந்தது என்றுதான் சொல்கிறது, ஆனால் எழ மாட்டேன் என்கிறது" என்பார்கள். அது சொல்வது உண்மைதான். நிறுவல் சரியாகவே முடிந்திருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கும். திரும்பத் திரும்ப நிறுவுவதில் போவது கோளாறல்ல, பேத்தியின் காதுகுத்துப் படங்கள்.

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள். அது கிரப் என்ற துவக்க நிரலைத் தேடி எடுக்கும். கிரப், லினக்ஸின் மையக்கருவான கெர்னலை ஏற்றும், கெர்னல் வட்டைத் திறக்கும். நான்கு பேர் கைமாற்றிக்கொள்ளும் தொடரோட்டம் இது. கோல் யார் கையிலிருந்து நழுவியது என்பதைத் திரையே சொல்லிவிடும். ஆகவே திரையில் வரும் வாசகத்தை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "ஏதோ இங்கிலீஷில் வந்தது" என்று சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

'துவக்கக்கூடிய சாதனம் இல்லை' என்ற பொருளில் செய்தி வந்தால் ஃபர்ம்வேருக்குக் கிரப் கிடைக்கவில்லை. என் மேசைக்கு வருபவற்றில் அதிகம் இந்த வகைதான். 2012-ஐ ஒட்டி வந்த கணினிகளில் பழைய பயாஸ் முறை, புதிய யூஇஎஃப்ஐ முறை இரண்டுமே இருக்கும். துவக்கப் பட்டியலைத் திறந்தால் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்றிருக்கும், மற்றதில் இருக்காது. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த முறையில்தான் லினக்ஸ் நிறுவப்படும். பழைய முறையில் நிறுவிவிட்டு ஃபர்ம்வேரை யூஇஎஃப்ஐ மட்டும் என்று விட்டுவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. இதைச் சோதிப்பது எளிது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, 'சிஸ்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இஎஃப்ஐ' என்று ஒரு கோப்புறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இப்போது யூஇஎஃப்ஐ முறையில் நிற்கிறீர்கள். சரியான முறையில் துவக்கி, பூட் ரிப்பேர் என்ற கருவியை ஓட்டினால் கிரப் மட்டும் புதிதாக எழுதப்படும். உங்கள் கோப்புகளை அது தொடாது. ஜிபிடி என்ற புதிய முறையில் பகுதி பிரித்த வட்டில் பழைய பயாஸ் முறைதான் வேண்டுமென்றால் கிரப்புக்கென்று 1 எம்பி அளவில் தனிப் பகிர்வு ஒன்று வேண்டும். யூஇஎஃப்ஐ முறைக்கு ஃபேட்32 வடிவில் இஎஃப்ஐ பகிர்வு வேண்டும்.

பென் டிரைவ் செருகியிருந்தால் எழுகிறது, பிடுங்கினால் எழவில்லை என்றால் கிரப் பென் டிரைவிலேயே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. நிறுவும்போது கிரப்பை எந்த வட்டில் எழுதுவது என்ற கேள்வியை யாரும் படிப்பதில்லை. வட்டின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பெயரை நம்பாதீர்கள்.

இன்னொரு வகை எனக்குக் கோபத்தையே வரவழைக்கும். சில பழைய லேப்டாப்களின் ஃபர்ம்வேர் விண்டோஸின் துவக்கக் கோப்பைத் தவிர வேறெதையும் மதிக்காது. அல்லது இஎஃப்ஐ பகிர்வில் எல்லோருக்கும் பொதுவான இடமாக வைத்திருக்கும் 'பூட்' கோப்புறையை மட்டும் பார்க்கும். இவற்றுக்குக் கிரப்பை நிறுவும் கட்டளையில் 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பொது இடத்திலேயே போய் அமர்ந்துகொள்ளும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், நம்பகமான கையொப்பம் இல்லாத துவக்கக் கோப்பை ஓடவிடாத செக்யூர் பூட் என்ற காவல் தனித் தலைவலி. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய துவக்கக் கோப்புகளோடு இருந்த பல லினக்ஸ் நிறுவல்களை எழவிடாமல் செய்தது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு உள்ளே போய் லினக்ஸைப் புதுப்பித்தால் சரியாகும். ஆனால் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் அந்த அமைப்பை மாற்றினால் விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கலாம். முதலில் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கை வையுங்கள்.

"நேற்று ராத்திரி ஓடியது, காலையில் எழவில்லை" என்பவர்களிடம் கணினியின் தேதியைப் பார்க்கச் சொல்வேன். பல வருடம் பின்னால் போயிருந்தால் லினக்ஸைத் திட்ட வேண்டாம். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மின்சாரம் போனதும் ஃபர்ம்வேர் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நீங்கள் பார்த்துப் பார்த்து மாற்றிய துவக்க முறையும் அதோடு போய்விடுகிறது. தேதி தவறாக இருப்பதால் இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று உலாவி மிரட்டும், புதுப்பித்தலும் நின்றுவிடும். பேட்டரியின் விலை ஒரு காபி டிபன் அளவுதான். டெஸ்க்டாப்பில் நீங்களே மாற்றலாம். லேப்டாப்பில் அது பெரும்பாலும் ஒயரோடு வரும், அளவு பார்த்து வாங்க வேண்டும்.

கிரப் பட்டியல் வந்து, அதன்பின் திரை இருட்டாகிவிட்டால் வரைகலை அட்டைதான் காரணமாக இருக்கும். கிரப்பில் ஆங்கில 'e' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போட வேண்டும்.

'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கறுப்புத் திரையில் நின்றால் வட்டைப் பாருங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கரண்ட் போனால் இது சகஜம். வட்டின் கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் சாட்டா கேபிளை அசைத்துப் பாருங்கள், பிறகு வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பரிசோதனை செய்யுங்கள். படிக்க முடியாத செக்டர்கள் கூடிக்கொண்டே போனாலோ, வட்டு டக் டக் என்று சத்தமிட்டாலோ எந்தப் பழுதுபார்ப்பும் வேண்டாம். முக்கியமான கோப்புகளை முதலில் வேறு வட்டுக்கு எடுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் கம்பெனிகள் கழித்த லேப்டாப்பை லினக்ஸுக்கென்றே வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஃபர்ம்வேர் அமைப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு இன்னும் இருந்தால் துவக்க வரிசையையோ செக்யூர் பூட்டையோ உங்களால் மாற்ற முடியாது. சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றினாலும் அது போகாது. எடுத்துக் கொடுத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.