சுட்ட கோட்டில் சாயம் ஏன் பிடிக்காது?

நுனி சூடாகித் தோலைச் சுட்டுக் கோடு போடும் சூட்டுப் பேனாவால், பதனிட்ட தோலில் ஒரு பூவை வரைந்து, அதன்மேல் மஞ்சள் சாயத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் இதழ்கள் சட்டென மஞ்சளாகும். கோடு மட்டும் கறுப்பாகவே நிற்கும். கறுப்பின்மேல் மஞ்சள் தெரியாதுதான். ஆனால் அது பாதிக் காரணம். சாயம் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பது மறுபாதி.

தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். நார்களில் அமினோ தொகுதிகள் என்ற, நைட்ரஜன் கொண்ட சிறு அணுக்கூட்டங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். லேசான அமிலத்தில் அவை நேர்மின்னேற்றம் பெறும். தோலுக்குப் பயன்படும் அமிலச் சாயங்களோ எதிர்மின்னேற்றம் கொண்டவை. இந்த ஈர்ப்பால்தான் சாயம் நாரில் தங்குகிறது. சூட்டுப் பேனா பட்ட இடத்தில் புரதமே சிதைந்து கரியாகிவிடுகிறது, அமினோ தொகுதிகளும் போய்விடுகின்றன. அங்கே சாயம் மேலாக உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டாது.

உண்மையான சிக்கல் கரியில் இல்லை, கரியின் ஓரத்தில் இருக்கிறது. கோட்டை ஒட்டிப் பழுப்பாக ஒரு மெல்லிய விளிம்பு தெரியும். அங்கே நார்கள் கரியாகவில்லை; முறுக்கவிழ்ந்து, சுருங்கி, இறுகியிருக்கும். அந்த இடம் சாயத்தைப் பக்கத்துத் தோலைப் போலக் குடிக்காது, அதனால் திட்டுத் திட்டாகத் தெரியும். பேனாவை ஒரே இடத்தில் நிறுத்தாமல் இழுத்தால் இந்த விளிம்பு குறுகும். ஈரத்தோலில் சூடு வைக்கவே கூடாது. பதனிடாத பச்சைத் தோல் நனைந்திருந்தால் 60–65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கும். பட்டையில் பதனிட்ட தோல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்குத் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். முன்பு சென்னையிலிருந்து கப்பலேறிய ‘ஈஸ்ட் இந்தியா’ தோல்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டவை, அந்த வகை. குரோமியத்தில் பதனிட்ட தோலைச் சுட்டால், அதிலுள்ள குரோமியம் நச்சு மிகுந்த ஆறு இணைதிற வடிவத்துக்கு மாறக்கூடும். தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

பட்டைத் தோலுக்கும் ஒரு குணம் உண்டு. பட்டையிலிருந்து வரும் துவர்ப்புப் பொருளான டானின் ஏற்கெனவே நாரில் பல இடங்களைப் பிடித்திருப்பதால் சாயம் குரோம் தோலில் போலப் பளிச்சென்று வராது, சற்று அடங்கியே வரும். சாயம் ஒளிபுகும் தன்மை கொண்டது என்பதால் தோலின் பழுப்பும் அதோடு கலந்துதான் தெரியும். நீலம் பச்சைச் சாயலில் வருவது இதனால்தான். அடர்ந்த நிறங்களில் கோடு அமுங்கிவிடும். என்னைக் கேட்டால் மஞ்சளும் வெளிர்பழுப்பும்தான் சுட்ட ஓவியத்துக்குப் பொருத்தம். ஈரத்தோலில் இரும்பு படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்பும் டானினும் சேர்ந்தால் நீலக்கறுப்புக் கறை விழும், அதைப் போக்குவது பெரும்பாடு.

முதலில் சுடுவது, அப்புறம் சாயம். மாற்றிச் செய்தால் சாயமும் சேர்ந்து எரிந்து புகை வரும், அதைச் சுவாசிப்பது நல்லதல்ல. சுட்டு முடித்ததும் உதிரிக் கரியை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் முதல் தடவலிலேயே பஞ்சு அதை இதழெல்லாம் இழுத்துப் பூசிவிடும். சாயம் நன்றாகக் காய்ந்தபின் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறுவது நின்ற பிறகுதான் மெழுகு பூச வேண்டும்.