சர்வருக்கு வயசாயிடுச்சு, லேப்டாப்புக்கு இன்னும் ஆகல

வெப்சைட், ஆப்புக்கெல்லாம் பின்னாடி வேலை பாக்குற கம்ப்யூட்டர்தான் சர்வர், அது ராத்திரி பகல்னு பாக்காம வருஷம் முழுக்க ஓடும், 8,760 மணி நேரம். சராசரியா 300 வாட் இழுக்குதுன்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 2,600 யூனிட்டைத் தாண்டிடும், அதைக் குளிர வைக்கிறதுக்கு ஆகுற கரண்ட் இந்தக் கணக்குல சேரல. வீட்ல இருக்கிற லேப்டாப் 20 வாட், தினமும் மூணு மணி நேரம்னா வருஷம் முழுசுக்கும் 22 யூனிட் கூட வராது. நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். பழைய கம்ப்யூட்டரை வச்சுக்கலாமா தூக்கிப் போடலாமாங்கற கேள்விக்கு, சர்வர்களை மொத்தமா ஒரு கட்டடத்துல வச்சு ஓட்டுற டேட்டா சென்டர்ல ஒரு பதிலும் வீட்ல அதுக்கு நேர் எதிர் பதிலும் வர்றதுக்கு இந்த வித்தியாசம்தான் காரணம். இதைக் கணக்குல எடுக்காமதான் நிறைய பேர் நல்லா இருக்கிற மெஷினைக் குப்பைக்கு அனுப்பிட்டு, எப்பவோ நிறுத்தியிருக்க வேண்டியதை ஓட விட்டுட்டு இருக்காங்க.

முதல்ல டேட்டா சென்டரைப் பாப்போம். சர்வதேச எரிசக்தி முகமை கணக்குப்படி 2024ல உலகத்துல இருக்கிற டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட் கரண்ட் எடுத்திருக்கு, உலக மின்சாரத்துல ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். 2030ல இது ரெண்டு மடங்குக்கு மேல போகும்னும் அவங்களே சொல்றாங்க, அதுக்கு ஏஐ ஒரு பெரிய காரணம். இந்தக் கரண்ட்ல எவ்வளவு நேரா கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருதுன்னு பாக்க பியூஇன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, கட்டடத்துக்குள்ள வர்ற மொத்த கரண்ட்டை கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் போற கரண்ட்டால வகுக்கணும், அவ்வளவுதான். 2ன்னு வந்தா சர்வர் எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட் ஏசி, யுபிஎஸ், லைட்டுன்னு போகுதுன்னு அர்த்தம். 2007 வாக்குல நடந்த சர்வேல சராசரி 2.5 இருந்துச்சு, இப்போ 1.6க்குக் கீழ வந்து அங்கயே நின்னுடுச்சு, கூகுள் மாதிரி பெரிய ஆளுங்க 1.1 பக்கத்துல இருக்காங்க.

இது எப்படிக் குறைஞ்சதுன்னா பெரும்பாலும் காத்தை ஒழுங்குபடுத்தினதாலதான். சர்வர் எடுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட மொத்தமும் கடைசில சூடாதான் வெளிய வரும், வேற எங்கயும் போக வழியில்ல. ஒவ்வொரு சர்வரும் முன்பக்கமா குளிர்ந்த காத்தை இழுத்து பின்பக்கமா சூடா துப்பும். சர்வர்களை அடுக்கி வைக்கிற அலமாரிக்கு ரேக்னு பேரு, எல்லா ரேக்கையும் ஒரே பக்கம் பாத்து நிறுத்தினா ஒரு வரிசை துப்புற சூட்டை அடுத்த வரிசை மூஞ்சில வாங்கிக்கும், அப்புறம் ஏசியை எவ்வளவு கூட்டினாலும் பத்தாது. அதனால முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகுன்னு மாத்தி நிறுத்தி, ஒரு சந்து குளிர் சந்து அடுத்தது சூட்டுச் சந்துன்னு பிரிச்சு, நடுவுல கதவும் மேல தடுப்பும் போட்டு ரெண்டு காத்தும் கலக்காம பாத்துக்கிட்டாங்க. ரேக்ல சர்வர் இல்லாம காலியா இருக்கிற இடத்துக்கு ஒரு தகடு மாட்டணும், அந்த ஓட்டை வழியா சூடு திரும்பி வந்துடும், இந்தத் தகடு மாட்டாம கோடிக்கணக்குல செலவு பண்ணி புது ஏசி வாங்குற இடங்கள் இருக்கு.

காத்து கலக்கலைன்னா அடுத்து வெப்பநிலையைக் கூட்டலாம். சர்வர் ரூம்னா ஸ்வெட்டர் போட்டுட்டுதான் போகணும்ங்கறது பழைய பழக்கம், ஆஷ்ரேங்கற அமெரிக்க குளிர்சாதன இன்ஜினியர்கள் சங்கம் சர்வருக்குள்ள போற காத்து 27 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கலாம்னு 2008லயே சொல்லிடுச்சு. 27 போதும்னா வருஷத்துல நிறைய நாள் வெளிக்காத்தே போதும், கம்ப்ரெஸரை ஓட்டவே வேண்டாம். ஸ்வீடன்ல லூலியோங்கற ஊர்ல ஃபேஸ்புக் அப்படித்தான் வெளிக்காத்துல ஓட்டுறாங்க, ஃபின்லாந்துல ஹமினாங்கற இடத்துல ஒரு பழைய பேப்பர் மில்லை வாங்கி கூகுள் கடல் தண்ணியால குளிர வைக்கிறாங்க. சூடான நாட்டுக்கு இது அப்படியே ஒத்து வராது, அங்க தண்ணியை ஆவியாக்கிக் குளிர வைப்பாங்க, கரண்ட் மிச்சமாகும் ஆனா தண்ணி போகும், தண்ணிக்கே தட்டுப்பாடு இருக்கிற ஊர்ல அது மிச்சம்னு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபேன் கணக்கு. ஃபேன் எடுக்கிற கரண்ட் வேகத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி மாறும், அதாவது வேகத்தை 20 சதவீதம் குறைச்சா கரண்ட் ஏறக்குறைய பாதி ஆயிடும். ஒரு ஃபேனை முழு வேகத்துல ஓட்டுறதுக்குப் பதிலா ரெண்டு ஃபேனைப் பாதி வேகத்துல ஓட்டினா அதே அளவு காத்து வரும், கரண்ட் காகிதக் கணக்குல நாலுல ஒரு பங்குதான். அதனால தேவைக்கு மேல ஃபேன் வச்சு எல்லாத்தையும் மெதுவா ஓட்டுறதுதான் புத்திசாலித்தனம். இதே கணக்கு திருப்பியும் அடிக்கும், ரூமை ரொம்ப சூடா விட்டா சர்வருக்குள்ள இருக்கிற குட்டி ஃபேன்கள் வேகம் எடுக்கும், சிப்ல கசியுற கரண்ட்டும் கூடும், ஏசில மிச்சம் பிடிச்சது அங்க போயிடும். இதுல கூத்து என்னன்னா சர்வருக்குள்ள இருக்கிற ஃபேன் கம்ப்யூட்டர் கணக்குலதான் வரும், அதனால நிஜத்துல கரண்ட் கூடினாலும் பியூஇ அழகா குறைஞ்ச மாதிரி காட்டும்.

பியூஇக்குத் தெரியாத இன்னொண்ணு, சர்வர் உருப்படியா எதாவது செய்யுதா இல்லையாங்கறது. எந்த வேலையும் செய்யாம சும்மா நிக்கிற ஆயிரம் சர்வரை வச்சு 1.1 வாங்கலாம். 2007ல கூகுளோட பரோசோவும் ஹோல்ஸ்லேயும் எழுதின கட்டுரைல சொன்னது என்னன்னா, சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10ல இருந்து 50 சதவீத வேலைலதான் இருக்கு, ஆனா வேலையே இல்லாதப்பவும் உச்ச கரண்ட்ல பாதி அளவு இழுத்துக்கிட்டே இருக்கு. அதுக்கப்புறம் வந்த ப்ராசஸர்கள் வேலை இல்லாதப்ப தூங்கக் கத்துக்கிட்டது உண்மைதான், ஆனா மெமரி, டிஸ்க், ஃபேன், பவர் சப்ளை எல்லாம் அந்த அளவு தூங்காது. அதனாலதான் ஒரே மெஷினுக்குள்ள பல மெஷினை நடிக்க வைக்கிற வர்ச்சுவலைசேஷன் அவ்வளவு பெரிய விஷயமா ஆச்சு, பத்து சர்வர் ஆளுக்குப் பத்து சதவீதம் வேலை பாக்குறதுக்கு ரெண்டு சர்வர் பாதி வேலைல இருந்தா போதும், மீதி எட்டை அணைச்சுடலாம்.

அணைக்கிறதுலதான் பிரச்சினையே. 2015ல ஜோனாதன் கூமி, ஜான் டெய்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ஞ்சு பாத்ததுல சுமார் 30 சதவீத சர்வர்கள் ஆறு மாசமா உருப்படியா எதுவுமே செய்யலைன்னு தெரிஞ்சுது, ஓடிக்கிட்டு மட்டும் இருந்திருக்கு. யாரோ ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் போட்டது, ப்ராஜெக்ட் முடிஞ்சது, போட்டவர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு, மிச்சம் இருக்கிறவங்களுக்கு அது என்னன்னு தெரியாது, தெரியாததால தொட பயம். இதுக்கு சிஸ்டம் அட்மின்கள் பண்றது ஸ்க்ரீம் டெஸ்ட், அதாவது மெஷினை அணைக்காம நெட்வொர்க்கை மட்டும் கழட்டி விட்டுட்டு யாராவது கத்துறாங்களான்னு காத்திருக்கிறது, மாசக் கடைசி வருஷக் கடைசி வேலை எதாவது இருக்குமோன்னு கொஞ்சம் கூடவே காத்திருந்து, யாரும் கத்தலைன்னா அணைச்சுடுவாங்க. 2016ல தன்னோட டீப்மைண்ட் கம்பெனியோட ஏஐயை வச்சு கூலிங் கரண்ட்டை 40 சதவீதம் வரை குறைச்சோம்னு கூகுள் சொன்னப்ப ஊரே பேசிச்சு, கேபிளைக் கழட்டினதைப் பத்தி யாரும் பேசல, ஆனா அணைச்ச சர்வருக்குக் கூலிங்கே வேண்டாமே.

இந்த வேலை எல்லாம் சேர்ந்து நிஜமாவே பலன் குடுத்துச்சு. 2010ல இருந்து 2018 வரைக்கும் டேட்டா சென்டர்கள் செஞ்ச வேலை 550 சதவீதம் கூடியும் கரண்ட் வெறும் 6 சதவீதம்தான் கூடிச்சுன்னு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த சுகமான காலம் இப்போ முடிஞ்சு போச்சு, அது வேற கதை.

இப்போ பழைய சர்வருக்கு வருவோம். புது சர்வர் ஒவ்வொரு வாட்டுக்கும் கூட வேலை செய்யும், வருஷத்துக்கு 8,760 மணி நேரம் ஓடுற மெஷின்ல அந்த வித்தியாசம் சீக்கிரமே பெருசாயிடும், அதனால நாலஞ்சு வருஷத்துல மாத்துறது ஒரு காலத்துல நியாயமா இருந்துச்சு. சமீபத்துல மைக்ரோசாஃப்ட், கூகுள் எல்லாம் ஆறு வருஷமா நீட்டிட்டாங்க. கழட்டின சர்வர்ல இருக்கிற டிஸ்க்கை என்ன பண்றதுங்கறதுதான் அடுத்த தலைவலி, பயத்துல நிறைய பேர் அரைக்கிற மெஷின்ல போட்டுத் தூளாக்கிடுறாங்க. பயத்துக்குக் காரணமும் இருக்கு. மார்கன் ஸ்டான்லிங்கற அமெரிக்க முதலீட்டு வங்கி தன்னோட டேட்டா சென்டரை மூடினப்ப டிஸ்க் அழிக்கிற அனுபவமே இல்லாத, சாமான் ஏத்தி இறக்குற ஒரு கம்பெனிக்கிட்ட வேலையைக் குடுத்து, வாடிக்கையாளர் விவரத்தோட டிஸ்க்குகள் ஆன்லைன் ஏலத்துக்கே போயிடுச்சு, 2022ல அமெரிக்க பங்குச்சந்தை ஆணையம் மூணரை கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. அதுல இன்னொரு விஷயம், அவங்க வேற கிளைகள்ல காணாம போன சில சர்வர்ல என்க்ரிப்ஷன், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி டேட்டாவைப் பூட்டுற வசதி இருந்திருக்கு, வருஷக்கணக்கா யாரும் அதை ஆன் பண்ணவே இல்ல.

வீட்டு மெஷினுக்கும் இதே பயம்தான் தடை. இத்தனைக்கும் லேப்டாப் விஷயத்துல பழசை ஓட்டுறதுதான் லாபம், ஏன்னா கம்பெனிகள் வெளியிடுற கார்பன் கணக்குல பல மாடலுக்கு வாழ்நாள் மொத்தத்துல முக்கால்வாசி வரை தயாரிப்புலயே முடிஞ்சுடுது, சிப் தயாரிக்கிறது அவ்வளவு எரிசக்தி கேக்குற வேலை. வருஷத்துக்கு 22 யூனிட் எடுக்கிறது 15 யூனிட்டா குறையணும்னு புது மெஷின் வாங்குறதுல அர்த்தமே இல்ல. ஆனா உள்ள ஃபோட்டோ இருக்கு, பேங்க் பேப்பர் இருக்குன்னு பயந்து அலமாரிலயே வச்சிருப்பாங்க, ஏழெட்டு வருஷம் கழிச்சு யாருக்கும் உதவாம குப்பைக்குப் போகும்.

ஃபைலை டெலிட் பண்ணா டேட்டா போகாது, இந்த இடம் காலின்னு சிஸ்டம் ஒரு குறிப்பு எழுதிக்கும், அவ்வளவுதான். குவிக் ஃபார்மட்டும் அப்படித்தான். 2003ல வெளியான ஒரு ஆய்வுக்காக சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்க் 158 வாங்கிப் பாத்தாங்க, படிக்க முடிஞ்ச 129ல ஒழுங்கா அழிச்சிருந்தது 12 மட்டும்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு மருந்து ரொம்ப சுலபம், முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை பூஜ்யம் எழுதினா போதும். 35 தடவை எழுதணும்னு இன்னமும் சொல்லிட்டு இருப்பாங்க, அது 1996ல பீட்டர் குட்மன்ங்கற ஆராய்ச்சியாளர் அந்தக் காலத்து டிஸ்க் வகை எல்லாத்துக்கும் சேத்து எழுதின பட்டியல், இப்போ இருக்கிற டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும்னு அமெரிக்க தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014லயே தன்னோட வழிகாட்டில சொல்லிடுச்சு. 1 டெராபைட்டுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், போட்டுட்டு வேற வேலையைப் பாக்கலாம்.

சுத்துற தட்டு இல்லாம சிப்லயே சேமிக்கிற எஸ்எஸ்டில இந்த வழி வேலைக்காகாது. அதோட செல்கள் இத்தனை தடவை எழுதினா தேஞ்சு போகும்ங்கறதால உள்ள இருக்கிற கன்ட்ரோலர் நீங்க எழுதச் சொன்ன இடத்துல எழுதாம தேயாத வேற இடமா பாத்து எழுதும், பழையது அப்படியே ஒரு ஓரத்துல கிடக்கலாம், கணக்குல காட்டாம ஒதுக்கி வச்சிருக்கிற இடமும் கொஞ்சம் உண்டு. அதனால டிரைவுக்கே உள்ள செக்யூர் இரேஸ் இல்லைன்னா சானிடைஸ்ங்கற கட்டளையைக் குடுக்கணும். 2011ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ ஆளுங்க சோதிச்சப்ப ஒரு டிரைவ் அழிச்சாச்சுன்னு சொல்லிட்டு டேட்டாவை அப்படியே வச்சிருந்துச்சு, அதனால நான் சொல்றது என்னன்னா வாங்கின முதல் நாளே மொத்த டிரைவையும் என்க்ரிப்ட் பண்ணிடுங்க. அப்புறம் குடுக்கிற அன்னிக்கு சாவியை மட்டும் அழிச்சா போதும், மிச்சம் கிடக்கிறதெல்லாம் அர்த்தமில்லாத குப்பை, ஒரு நொடில வேலை முடிஞ்சுது. புது ஐஃபோன், மேக் எல்லாம் ரீசெட்ல பண்றது இதேதான். டிஸ்க்ல துளை போடுறது, சுத்தியலால அடிக்கிறது எல்லாம் செத்துப் போன டிரைவுக்கு மட்டும் வச்சுக்குங்க.

அழிக்கிறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ல இருந்து வெளிய வாங்க, இதை மறந்துட்டா பழைய ஓனரோட அக்கவுண்ட் இல்லாம திறக்காத ஆக்டிவேஷன் லாக் மாட்டிக்கிட்டு புது ஓனருக்கு மெஷின் செங்கல் மாதிரி ஆயிடும், மெஷின் ஆன் ஆகுறப்பவே கேக்குற பயாஸ் பாஸ்வேர்டும் அதே மாதிரிதான், ஆபீஸ் லேப்டாப்னா கம்பெனி நிர்வாகப் பட்டியல்ல இருந்தும் எடுக்கச் சொல்லணும். டிஸ்க் தன்னோட நிலைமையைத் தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல, கெட்டுப் போன செக்டர், அதாவது டேட்டா சேமிக்கிற சின்னப் பகுதி, கூடிக்கிட்டே போனா அந்த டிஸ்க்கைக் குடுக்காதீங்க, டிஸ்க் அப்படி ஒதுக்கி வச்ச செக்டருக்கு நீங்க எழுதுற பூஜ்யமும் போய்ச் சேராது. ஹார்ட் டிஸ்க் இருக்கிற மெஷினுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டா வர்ற வேகம் வேற எதுலயும் வராது, ரேம் 8 ஜிபி இருந்தா சாதாரண வேலைக்குத் தாராளம். தூசியை ஊதி, ப்ராசஸர் சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட்டை மாத்துங்க. உப்பின பேட்டரியோட எந்தக் காரணத்துக்கும் குடுக்கக் கூடாது. மதர்போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி போயிருந்தா தேதி தப்பாகி பாதி வெப்சைட் திறக்காது, வாங்கினவர் வைரஸ்னு நினைச்சுப் பயப்படுவாரு.

விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் கேக்குறாங்க, அது இல்லாத மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட், குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் மாதிரி இலவச சிஸ்டம் போடலாம். ஆனா டேட்டா சென்டர்ல கழட்டின ரேக் சர்வரை சும்மா வருதேன்னு யாரும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, வேலையே இல்லாம 100 வாட் இழுத்தாலே வருஷத்துக்கு 876 யூனிட், சத்தம் வேற. ஃபைல் வச்சுக்க எப்பவும் ஆன்ல ஒண்ணு வேணும்னா ஒரு பழைய லேப்டாப்பே போதும்.

குடுக்கிறப்ப உங்க பேர்ல யூசர் உருவாக்கி வச்சுக் குடுக்காதீங்க, முதல் செட்டப் ஸ்க்ரீன்லயே நிறுத்திடுங்க, மின்ட்ல இதுக்குன்னே ஓஇஎம் இன்ஸ்டால்னு ஒரு வழி இருக்கு, வாங்குறவர் தானே பேரு பாஸ்வேர்டு போட்டுக்குவாரு. சார்ஜரையும் சேத்துக் குடுங்க, பழைய மாடலுக்குத் தனியா தேடினா கிடைக்கிறது கஷ்டம்.