பறிமுதல் வேறு, கைப்பற்றுதல் வேறு

தேர்தல் வந்துவிட்டால் இந்தச் செய்தியும் வந்துவிடும்: "ஆவணமின்றிக் கொண்டுசென்ற பணம் பறிமுதல்." சந்தைக்குப் போகிற மாட்டு வியாபாரி ரூ.50,000-க்கு மேல் மடியில் வைத்திருப்பார், பறக்கும் படை மறித்து எடுத்துக்கொள்ளும். அவர் கணக்குக் காட்டியதும் அடுத்த செய்தி: "பறிமுதல் செய்த பணம் ஒப்படைப்பு." பறிமுதல் என்றால் பொருள் அரசுக்குச் சொந்தமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எதைத் திருப்பி ஒப்படைப்பது?

சொல்லில் சிக்கல் ஒன்றுமில்லை. பறி + முதல், வினைத்தொகை. வழிப்பறியில் வருகிற பறி, கைமுதலில் வருகிற முதல். உடைமையே பறிபோவதுதான் பறிமுதல். கைப்பற்றுதலில் பொருள் கைமாறுகிறது, உரிமை மாறுவதில்லை.

சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தில் தொடர்புடையது என்றோ சந்தேகம் வந்தால் போலீசார் எடுத்து வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 102-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 106-வது பிரிவு. இது கைப்பற்றுதல். கைதானவரைச் சோதனையிட்டு, உடுத்தத் தேவையான துணி தவிர மற்றதை வாங்கிப் பத்திரமாக வைத்தால், அதற்கு ரசீது தர வேண்டும். பறித்ததற்கு யாராவது ரசீது தருவார்களா? பறிமுதல் என்ற பேச்சு பெரும்பாலும் விசாரணை முடிந்த பிறகுதான் வரும். பொருளை அழிப்பதா, உரியவரிடம் கொடுப்பதா, பறிமுதல் செய்வதா என்று நீதிமன்றம் அப்போது சொல்லும். மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு முடியும் முன்பே அதிகாரி வாகனத்தைப் பறிமுதல் செய்ய வழி உண்டு. அங்கேயும் உரிமையாளரிடம் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். அந்த வண்டிகளின் ஏல அறிவிப்பில் "பறிமுதல்" என்று போடுவது சரியான பிரயோகம்.

"வாசகருக்குப் பறிமுதல்தான் புரியும், கைப்பற்றினார்கள் என்றால் கோட்டையைப் பிடித்த மாதிரி இருக்கிறது" என்பார்கள். சரி, அதே செய்தியாளர் விபத்துச் செய்தியில் என்ன எழுதுகிறார்? "போலீசார் சடலத்தைக் கைப்பற்றி பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினர்." எந்த வாசகருக்கும் கோட்டை ஞாபகம் வருவதில்லை. சடலத்தைப் பறிமுதல் செய்தார்கள் என்று எழுத அவருக்கே கை வராது. பிணத்துக்குச் சரியாக வருகிற சொல் பைக்குக்கு மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது? காவல் நிலையத்தில்கூட "சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (பொருளை எடுத்ததற்கான பதிவு) எழுதிக் கைப்பற்றினேன்" என்றுதான் எழுதுகிறார்கள். மகஜர் அரபியிலிருந்து வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். தனித்தமிழ் பார்த்து நான் சண்டை போடவில்லை. ஜப்தியும் அரபிதான். ஆனால் விபத்து இழப்பீடு கட்டாததால் அரசு பஸ்ஸை நீதிமன்ற அமீனா பிடித்து நிறுத்தினால் அது ஜப்தி என்று எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். பிறமொழிச் சொல் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, நல்ல தமிழ்ச் சொல்லைத்தான் இடம் மாற்றி வைத்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். கைப்பற்றிய பொருளை என்ன செய்வது என்று முடிவெடுப்பதை "அகற்றுதல்" என்கிறார்கள். குப்பையையா அகற்றுகிறார்கள்? அதில் ஒருவரின் தாலிச் சங்கிலி இருக்கும், ஆட்டோ இருக்கும். "தீர்வு செய்தல்" என்றால் ஒப்படைப்பது, ஏலம் விடுவது, அழிப்பது எல்லாம் அடங்கும். அது போதும்.

இந்தச் சொல் குழப்பத்தால் நஷ்டப்படுவது வண்டிக்காரர். வழக்கில் சிக்கிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் நீண்ட நாள் போட்டு வைப்பதில் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. புதிய சட்டத்தின் 497-வது பிரிவு, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல் தயாரித்து, படமும் தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்கச் சொல்கிறது. அதன் பிறகு 30 நாளில் பொருளைத் தீர்வு செய்ய உத்தரவிட வேண்டும். வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக வண்டியைக் கேட்டு மனு போடலாம். பேப்பரில் "பறிமுதல்" என்று படித்துவிட்டு, வண்டி போனது போனதுதான் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிவதில்லை.