கூட்டணி மாறும் கல்லூரிகள்: 'கான்ஃபரன்ஸ்' தமிழில் என்ன?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. மேற்கே மலையைத் தாண்டினால் பசிபிக் கடல். ஆனால் 2024 முதல் அதன் கால்பந்து அணி ஆடுவது 'அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்' என்ற அமைப்பில். பெயரிலேயே நாட்டின் மறுகரை. 'பிக் டென்' என்ற அமைப்பின் பெயரில் பத்து இருக்கிறது, உறுப்பினர்கள் 18. 'பிக் 12'இல் 16. எண்ணிக்கையும் பெயரும் சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியே குடியிருக்கும் துறை இது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவருக்கு ஆட்டத்தின் பெயரே முதல் இடறல். கால்பந்து என்றதும் நம் வாசகருக்கு மெஸ்ஸி நினைவுக்கு வருவார். இதுவோ முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. 'அமெரிக்கக் கால்பந்து' என்று அடைமொழி கொடுத்து அதைக் கடந்துவிடலாம். அப்படிக் கடக்க முடியாத சொல் 'கான்ஃபரன்ஸ்': தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் தொகுப்பு.

அகராதியைத் திறந்தால் 'மாநாடு' என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் 'டெக்சாஸ் பல்கலைக்கழகம் மாநாட்டை விட்டு வெளியேறியது' என்று வாக்கியம் அமையும். படிப்பவர், யாரோ கோபித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வெளிநடப்புச் செய்ததாகத்தான் நினைப்பார். டெக்சாஸ் எந்த மேடையிலிருந்தும் இறங்கவில்லை. பல பத்தாண்டுகள் தன்னோடு ஆடிவந்த கல்லூரிகளை விட்டு, வேறொரு தொகுப்பில் போய்ச் சேர்ந்துகொண்டது. மாநாடு இரண்டு நாளில் முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவது. இந்தக் கான்ஃபரன்ஸ்களில் மூத்ததோ நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது.

ஆயினும் அகராதிக்காரர் பிழை செய்துவிடவில்லை. தொடக்கத்தில் இது மாநாடாகத்தான் இருந்தது. 1895 ஜனவரியில், பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைப்பின்பேரில், சிகாகோவின் பாமர் ஹவுஸ் விடுதியில் ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடினார்கள். அவர்களுடைய கவலை எளியது: கல்லூரிக்காக ஆடுபவன் உண்மையிலேயே அந்தக் கல்லூரி மாணவனா? முழுநேரம் படிப்பவன், பாடத்தில் பின்தங்காதவன் மட்டுமே ஆடலாம் என்று விதி வகுத்தார்கள். மறு ஆண்டு ஆசிரியப் பிரதிநிதிகள் கூடி அமைப்பை நிறுவினார்கள். 'ஆசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரிகளுக்கு இடையிலான கான்ஃபரன்ஸ்' என்பது அதன் முறையான பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயரை மக்கள் ஒதுக்கிவிட்டு, பின்னாளில் 'பிக் டென்' என்று அழைத்தார்கள். கூடிப் பேசிய பேராசிரியர்கள் மறைந்தார்கள். கூட்டத்தின் பெயர், கூடியவர்களின் தொகுப்புக்குப் பெயராகி நிலைத்துவிட்டது.

இலத்தீனில் 'கான்ஃபெர்ரே' என்றால் ஒன்றாகக் கொண்டுவருதல், சேர்த்து வைத்துப் பார்த்தல். ஆங்கில ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளில் 'சி.எஃப்.' என்று இரண்டு எழுத்து வருமே, அதுவும் இதே வினையின் ஏவல்தான். நம் பதிப்பாசிரியர்கள் அதையே 'ஒ.நோ.' என்று போடுவார்கள்: ஒப்பு நோக்குக. கான்ஃபரன்ஸின் பிறப்பை இதைவிடச் சுருக்கமாகத் தமிழில் சொல்ல முடியாது. கல்லூரிகள் ஒன்றையொன்று ஒப்பு நோக்கி, ஒத்தவர்கள் ஒன்றாக ஆடலாம் என்று முடிவு செய்தன.

சரி, தமிழில் என்னவென்று எழுதுவது? 'சங்கம்' என்றால் ஊழியர் சங்கமும் நினைவுக்கு வரும், மதுரையும் நினைவுக்கு வரும். 'கூட்டமைப்பு' பிழையில்லாத சொல். உயிரும் இல்லாத சொல். 'லீக்' என்று எழுதினால் அது வேறோர் ஆங்கிலச் சொல்லுக்கு உரியது, குழப்பம்தான் மிஞ்சும். 'கழகம்' எனக்கு ஆசை காட்டுகிறது. இன்று பல்கலைக்கழகத்திலும் கட்சிப் பெயர்களிலும் மதிப்போடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சொல், திருக்குறளில் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. கோடிக்கணக்கான டாலரை வைத்து ஆடும் பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். ஆனால் அது குறும்பு, செய்திக்கு உதவாது.

என் தேர்வு 'கூட்டணி'. தேர்தல் காலத்துத் தமிழன் இந்தச் சொல்லைப் பற்றி அறியாதது எதுவும் இல்லை. கூட்டணியில் கொள்கை உண்டா என்ற கேள்வி, பங்கீட்டுப் பேச்சு, கடைசி இரவு வரை நீளும் இழுபறி, காலையில் வேறு வாசலில் நிற்கும் தலைவர், எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. 'கல்லூரிக் கூட்டணி' என்று எழுதிவிட்டால், கல்லூரிகள் கூட்டணி மாறுவதைக் குறிக்கும் 'ரீஅலைன்மென்ட்' என்ற பெருஞ்சொல்லில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அந்தச் சொல்லின் நடுவில் இருப்பது 'லைன்', கோடு. அது இலத்தீன் 'லினியா'விலிருந்து வந்தது: ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல். லினன் துணியும் அதே குடும்பம். நூல் பிடித்தாற்போல் வரிசையில் நிற்பது 'அலைன்'. கலைந்து மறுபடி வேறு வரிசையில் நிற்பது 'ரீஅலைன்'. தமிழில் வரிசை என்ற பொருளுக்கு 'அணி' இருக்கிறது. அணிவகுப்பு என்கிறோம். படையின் பிரிவும் அணி, உடம்பில் பூணும் நகையும் அணி, செய்யுளின் அழகும் அணி, கட்சிக்குள் பிளவும் அணி, ஆடுகளத்தில் இறங்கும் பதினொரு பேரும் அணி.

பனிப்போர்க் காலத்தில் 'நான்-அலைன்ட்' என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'அணிசேரா நாடுகள்' என்று எழுதின. அருமையான ஆக்கம் அது. அதன்படி 'அலைன்மென்ட்' அணிசேர்க்கை. 'ரீஅலைன்மென்ட்' மறு அணிசேர்க்கை. கலைச்சொல் பட்டியலில் இதையே போடலாம். செய்தித் தலைப்பில் மட்டும் 'கூட்டணி மாற்றம்' என்று எழுதுங்கள். 'அணிமாற்றம்' வேண்டாம். அணி என்றால் டீம் என்பதால், ஓர் ஆட்டக்காரர் கல்லூரி மாறியதாகப் பொருள் திரிந்துவிடும். அதுவும் அங்கே தினம் நடப்பதுதான்.

கல்லூரிக் கால்பந்தில் ஓர் 'அணிசேரா நாடு'ம் உண்டு: இந்தியானா மாநிலத்தின் நோட்ர டேம். மற்ற விளையாட்டுகள் பலவற்றுக்கு அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டணியில் இருந்துகொண்டு, கால்பந்தில் மட்டும் தனித்து நிற்கிறது. 1991 முதல் அதன் சொந்த மைதானத்து ஆட்டங்கள் என்.பி.சி. தொலைக்காட்சியில் வருகின்றன. தனக்கென்று ஒரு தொலைக்காட்சி இருப்பவர் யாருடைய பந்தலிலும் நிற்க வேண்டியதில்லை.

சொல்லைப் பிடித்துவிட்டோம். ஆனால் கல்லூரிகள் ஏன் இப்படித் தாவுகின்றன என்று தெரியாமல் சொல் விளங்காது. 1984 வரை கல்லூரி ஆட்டங்களின் ஒளிபரப்பு, என்.சி.ஏ.ஏ. என்ற தேசியச் சங்கத்தின் கட்டுக்குள் இருந்தது. எத்தனை ஆட்டம் காட்டலாம், ஓர் அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்று அது வரம்பு வைத்தது. நிறையக் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்ற பயம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், அந்தக் கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பேர்பெற்ற ஆட்டக்காரர். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உரிமை கல்லூரிகளின் கைக்கு வந்தது. தனித்தனியே விற்பதைவிடக் கூட்டணியாக விற்றால் விலை கூடும் என்பது விரைவில் புரிந்தது.

இங்கே இன்னொரு சொல் வருகிறது: 'ஆடியன்ஸ்'. இலத்தீனில் கேட்டல் என்ற வினையிலிருந்து பிறந்தது. படத்தைப் பார்ப்பவரையும் ஆங்கிலம் 'கேட்போர்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ் வானொலி அதற்கு 'நேயர்' என்றது. நேயம் கொண்டவர், அன்பர். 'நேயர் விருப்பம்' என்று அறிவிப்பாளர் சொல்லும்போது எங்கோ ஒரு கிராமத்தில் அஞ்சலட்டை எழுதிப் போட்டவரின் முகம் தெரியும். தொலைக்காட்சி வந்தபின் 'பார்வையாளர்' நிலைபெற்றது. கல்லூரிக் கால்பந்தின் பணக்கணக்குக்கு இந்த இரண்டும் போதவில்லை. ரட்கர்ஸ் கதை அதைக் காட்டும்.

ரட்கர்ஸ் நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகம். 1869 நவம்பர் 6 அன்று, இன்று பிரின்ஸ்டன் எனப்படும் கல்லூரியை 6-4 என்று வென்றது. முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டமாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பெருமைக்குப் பிறகு களத்தில் சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை. ஆனாலும் 2014இல் பிக் டென் அதைச் சேர்த்துக்கொண்டது, வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் மேரிலாண்டோடு சேர்த்து. ரட்கர்ஸிலிருந்து நியூயார்க் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் முதலிடம் நியூயார்க், எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு.

2007இல் பிக் டென் தனக்கென்று ஒரு கேபிள் சேனல் தொடங்கியிருந்தது. கூட்டணியின் உறுப்புக் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் வீட்டுக்கு மாதம் ஒரு டாலர் அளவில் கட்டணம். வெளியே சில சென்ட். கணக்குக்காக ஒரு லட்சம் வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்ட் என்றால் ஆண்டுக்கு 1,20,000 டாலர். ஒரு டாலர் என்றால் 12,00,000. அந்த வீட்டுப் பாட்டி நாள் முழுவதும் சமையல் நிகழ்ச்சி பார்த்தாலும் சரி, அவருடைய மாதப் பில்லில் அந்த ஒரு டாலர் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கல்லூரியைச் சேர்த்தால் ஒரு மாநிலமே பத்து சென்ட் கணக்கிலிருந்து ஒரு டாலர் கணக்குக்கு ஏறுகிறது. ரட்கர்ஸ் எத்தனை ஆட்டத்தில் தோற்றால் என்ன?

அந்தப் பாட்டி நேயரா? இல்லை. பார்வையாளரா? அதுவும் இல்லை. அவர் 'சந்தா வீடு'. ஆங்கிலத்தில் இப்படிக் கட்டணம் வசூலாகும் வட்டாரத்துக்கு 'ஃபுட்பிரின்ட்' என்று பெயர். 'கால்தடம்' என்று எழுதினால் துப்பறியும் கதைபோல ஆகிவிடும். 'சந்தா வட்டாரம்' என்பது நேராகச் சொல்கிறது.

பிறகு மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். வீட்டை எண்ணிக் காசு வாங்கும் வழி சுருங்கியது. எத்தனை பேர் உண்மையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்ற கணக்கு மேலே வந்தது. நேரலை ஆட்டத்தில் மட்டும்தான் விளம்பரத்தை யாரும் ஓட்டிவிட்டுப் போவதில்லை என்பதால், அந்தப் பார்வைக்கு விலை ஏறியது. இனி வேண்டியது ஊரல்ல, பேர். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12ஐ விட்டுத் தென்கிழக்குக் கூட்டணிக்குப் போவதாக 2021இல் அறிவித்து 2024இல் போய்ச் சேர்ந்தன. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய கல்லூரிகள், யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், பிக் டென்னுக்குத் தாவுவதாக அறிவித்தன. இவை ஊரும் பேரும் இரண்டும் உடையவை. அந்த ஆகஸ்டில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் பிக் டென் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன.

யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் விட்டுவந்த பாக்-12 கூட்டணி 1915இலிருந்து வேர்விட்டது. 2023 கோடையில் அதன் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஆப்பிளின் சந்தா சார்ந்த திட்டம் ஒன்றுதான் கையில் இருந்தது. எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத பணம். கொலராடோ முன்பே கிளம்பியிருந்தது. ஓரிகன், வாஷிங்டன், அரிசோனாவின் இரண்டு கல்லூரிகள், யூட்டா, கடைசியாக ஸ்டான்ஃபோர்டும் கால் எனப்படும் பெர்க்லியும் என்று, லாஸ் ஏஞ்சலஸின் இரண்டையும் சேர்த்துப் பத்துக் கல்லூரிகள் போய்விட்டன. மிஞ்சியவை கொர்வாலிஸ், புல்மன் என்ற சிற்றூர்களில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும். கூட்டணியின் நிர்வாகம் யார் கையில் என்று அவை நீதிமன்றம் போய் வென்றன. இதைப் படிக்கும் தமிழருக்குக் கட்சிச் சின்னம் யாருக்கு என்ற வழக்கு நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல; சொல் தேர்வின் பயன்.

பங்கீட்டுப் பேச்சும் அப்படியே. டல்லஸின் எஸ்.எம்.யு. அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டணியில் சேர, ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பணத்தில் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. தொகுதி கேட்காமல் கூட்டணிக்கு வந்த கட்சி. அதன் பணக்கார முன்னாள் மாணவர்கள் கைகொடுப்பார்கள் என்ற நம்பிக்கை.

இந்த அமளியில் பிறந்த ஒரு புதுச்சொல்லையும் சேர்த்துவிடுகிறேன். யு.சி.எல்.ஏ.வும் கால் பல்கலைக்கழகமும் ஒரே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள். ஒன்று பணக்காரக் கூட்டணிக்குப் போய்விட, மற்றது வருமானம் இழந்தது. இரண்டுக்கும் மேலே இருக்கும் ஆட்சிக்குழு 2024இல், யு.சி.எல்.ஏ. மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடி டாலர் காலுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. விவாகரத்தில் கொடுக்கும் 'அலிமொனி'யோடு 'கால்' என்ற பெயரை ஒட்டி, பத்திரிகைகள் அதைக் 'காலிமொனி' என்றன. தமிழில் அலிமொனிக்கு 'ஜீவனாம்சம்' இருக்கிறது. 'வளாக ஜீவனாம்சம்' என்று எழுதினால் பொருள் வந்துவிடும். ஆனால் என் கை தயங்குகிறது. யு.சி.எல்.ஏ.வின் விளையாட்டுத் துறை அப்போதே கடனில் இருந்தது. அந்தக் கஜானாவைப் பற்றிச் சொல்லும் சொல்லில் 'காலி' தானாக வந்து நிற்கிறபோது, அதை மொழிபெயர்த்துக் கெடுக்க மனம் வரவில்லை.