'அதிகம்' என்றால் கூட்டலா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மூணாப்பு படிக்கிற மகள் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிப்பாள். வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் அழுகை. அவ ஜாதகத்துக்குக் கணக்கு வராது என்கிறார் மாமியார். நிஜமா?"

ஜாதகத்தை எடுத்து உள்ளே வையுங்கள். அவளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

செல்வியிடம் 12 முழம் மல்லி இருக்கிறது. அது மீனாவிடம் இருப்பதைவிட 5 முழம் அதிகம். மீனாவிடம் எத்தனை முழம்?

பல பிள்ளைகள் 17 என்பார்கள். 'அதிகம்' கண்ணில் பட்டதுமே கை கூட்டிவிடும். 1987இல் லூயிஸ், மேயர் என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடமே இந்தத் தடுமாற்றத்தைப் பார்த்தார்கள். மூணாப்புப் பிள்ளை எம்மாத்திரம்? 'மொத்தம் வந்தா கூட்டு, மீதி வந்தா கழி' என்று டியூஷனில் சொல்லித் தருகிறார்களே, எனக்கு அதன்மேல்தான் கோபம். பாதிக் கணக்குக்கு அது சரியாகவும் வந்துவிடுகிறது, அதுதான் தொல்லை.

மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கக்கூடியது ஏறக்குறைய நாலு சமாச்சாரம். இங்கே இரண்டு ஆள், இரண்டு எண், யாரைவிட யாருக்குக் கூட என்ற உறவு, கடைசியில் கேள்வி. எண்கள் ஒட்டிக்கொள்ளும், உறவு நழுவிவிடும். இப்போது அவளையே எழுதச் சொல்லுங்கள், எண்ணே இல்லாமல்:

"செல்விகிட்ட கூட இருக்கு. அப்ப மீனாகிட்ட கம்மி."

அந்த 'அப்ப' இருக்கிறதே, கணிதம் நடந்தது அங்கேதான்! நழுவ வேண்டிய உறவு தாளில் நின்றுகொண்டது. காலியான மனம் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. மிச்சமிருக்கும் 12−5 அவளுக்குத் தெரிந்ததுதான்.

அழுகையும் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. 2011இல் ராமிரெஸ், பைலாக் நடத்திய சோதனையில், கணிதத் தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அவர்களும் கல்லூரி வயதினர்தான். ஆனாலும் செலவு ஒரு தாள், ஒரு பென்சில்.

2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பெயரில் இரண்டும் ஒட்டித்தான் நிற்கின்றன. நம் பிள்ளைகளின் கணக்கு நோட்டில்தான் எழுத்தைக் காணோம். அப்படி எழுதினாலும், எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போடாதீர்கள். அன்றோடு எழுதுவதை நிறுத்திவிடுவாள்.

அப்புறம், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அவளையும் கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும் 'அதிகம்' என்ற சொல்லை வைத்து, மாமியாரே மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கணக்கு எழுதட்டும்.